அண்ணிக்கு எடுத்த சிப்பி

ஏப்ரல் 2

இது யார் கையிலாவது கிடைத்தால், கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடிவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். என்னைப் பற்றி மட்டும் என்றால் அடி வாங்கிக்கொண்டு போய்விடுவேன். இதில் அண்ணி இருக்கிறாள்.

ஐயம்பேட்டை ரோட்டில் டியூஷன் முடிந்து வரும்போது ஏரிக்கரையில் ஒரு சிப்பி ஓடு கிடந்தது. வெளியே கறுப்பு, உள்ளே மினுமினுப்பு. பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணி அதைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏய் சந்தியா, இது எங்க கெடச்சுது?"

ஓட்டை மூக்கருகே கொண்டு போய் மோந்தாள். கண்ணில் தண்ணீர்.

சங்கீதா அண்ணி சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது சிவராஜ் அண்ணனுக்குப் பிடித்துப்போனது. நாங்கள் சைவம். கல்யாணத்துக்கு அம்மா ஒத்துக்கொண்டது ஒரே ஒரு நிபந்தனையில்தான். கவுச்சி இந்த வாசப்படி தாண்டக் கூடாது, தாண்டினால் அவளும் தாண்டிப் போக வேண்டியதுதான். அண்ணி சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

இப்போது ஐந்தாம் மாதம். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்பதில்லை.

"உங்க வீட்ல கத்திரிக்கா தின்னு தின்னு, புள்ளைக்கு தலையில காம்பு மொளைக்கப் போவுது பாரு" என்றாள். சிரித்தேன். பிறகு அவள் அழுதாள். பிறகு ஏரியில் சிப்பி எடுத்து வர முடியுமா என்று என்னிடம் கேட்டாள்.

சரி என்று ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 4

எடுத்துவிட்டேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று காலால் தடவ வேண்டும். சேற்றுக்குள் சிப்பியின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். கையை விட்டு ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டும். சாப்பாட்டுப் பையில் போட்டு, மேலே கணக்கு நோட்டை வைத்துக் கொண்டு வந்தேன்.

கரையோரம் தண்ணீர் பச்சை. பெயின்ட் ஊற்றியதுபோல் கெட்டியாக, கொஞ்சம் நுரையோடு. யாரோ பட்டுக்குக் கிளிப்பச்சைச் சாயம் காய்ச்சிக் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவளுக்குக் கலர்த் தண்ணீர் ஒரு விஷயமா? எங்கள் தெருச் சாக்கடையில் ஒருநாள் அரக்கு ஓடும், ஒருநாள் மாம்பழ மஞ்சள் ஓடும். கலரைக் கையால் விலக்கிவிட்டு உள்ளே போனேன்.

அம்மாவும் அப்பாவும் பங்குனித் திருவிழாவுக்கு, ஏகாம்பரநாதர் வாகனம் பார்க்கப் போயிருந்தார்கள். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு. வீட்டுப் பாத்திரம் தொடக் கூடாது என்று ஓட்டை விழுந்து ஒட்டுப்போட்ட பழைய அலுமினியக் குண்டான். அண்ணி வாத்தியார் மாதிரி ஆகிவிட்டாள்.

"வாயத் தொறந்துக்கினு இருக்குதா, வெரலால தட்டு. மூடிச்சுன்னா உசுரு இருக்குது. மூடலன்னா செத்தது, தூரப் போடு. வெந்தப்புறம் தலகீழா. வாயத் தொறக்காம அழுத்தமா இருக்குது பாரு, அதத் தொடவே கூடாது."

நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணைக் கக்க வைத்தோம். தேங்காய் நாரால் தேய்த்தோம். மூடி போட்டுக் கொதிக்கவிட்டோம். நடுவில் ஒன்று கேட்டாள்.

"தண்ணி செகப்பா கிகப்பா இருந்துச்சா? எங்க ஊர்ல கடல் செவந்தா ஒருத்தரும் சிப்பில கை வெக்க மாட்டாங்க."

"செகப்பு இல்ல அண்ணி" என்றேன். உண்மைதானே.

கொஞ்சம்தான் இருந்தது. மிளகுத்தூள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் ஒன்றை வாயில் வைத்துத் துப்பிவிட்டேன். ரப்பர் மாதிரி. நாற்றம் போக வீடு முழுக்க சாம்பிராணி காட்டினேன். அம்மா வந்ததும், "என்னாடி, திடீர்னு பக்தி?" என்றாள்.

படுக்கும்போது அண்ணி உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். "மொளகு ஜாஸ்தி ஆயிடுச்சு, குறுகுறுன்னுது."

ஏப்ரல் 5

அண்ணி இன்று வாந்தி எடுக்கவில்லை. இரண்டு முறை சோறு கேட்டாள். அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லாம் நல்லதற்குத்தான் போலிருக்கிறது.

அப்படியென்றால் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

ஏப்ரல் 9, மாலை

மறுபடி போனேன். அண்ணி கேட்டாள். இந்த முறை பை நிறைய.

ஏரியில் கெண்டை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பச்சை இன்னும் அகலமாகியிருந்தது. சாயம் என்றால் இத்தனை நாளில் வெளுத்திருக்க வேண்டாமா? கரை ஏறும்போது ஆடு மேய்க்கிற ஒரு அம்மா தூரத்திலிருந்து கத்தினாள். "ஏ பொண்ணு, அந்தத் தண்ணில எறங்காத! என் குட்டி குட்ச்சிட்டு காலு இஸ்துக்கினு கெடக்குது!"

வேகமாக சைக்கிளை மிதித்தேன்.

அண்ணியிடம் சொன்னேன். மீனையும் சொன்னேன், ஆட்டையும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவள் ஒரு சிப்பியை எடுத்து விரலால் தட்டினாள். அது டக்கென்று மூடிக்கொண்டது.

"பாத்தியா? வெயில்ல ஏரி மீன் சாவும்மா. ஆடு இன்னாத்தத் தின்னுச்சோ. இது உசுரோட இருக்குது. அந்தத் தண்ணியிலயே கெடக்குது, அதுக்கு ஒண்ணும் ஆவல. நமக்கு இன்னா ஆவப் போவுது?"

பச்சையைப் பற்றிச் சொன்னேனா? தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

எல்லாரும் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள். அண்ணன் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை. குண்டான் கொதிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. வாய் திறக்காததை எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 9, இரவு

எழுதினால்தான் மூச்சு வருகிறது.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் அண்ணி உதடு மரத்துப்போச்சு என்றாள். பிறகு விரல் நுனி. தண்ணீர் டம்ளரைப் பிடித்தாள், பிடியில் நிற்கவில்லை, மடியெல்லாம் தண்ணீர். சிரித்தாள். "மெதக்கற மாதிரி இருக்குது சந்தியா." அதற்கப்புறம் பேச்சு குழறியது. மீனைப் பார்த்தபோதே நான் அந்தப் பையைக் கொட்டியிருக்கணும். கொட்டல. ஏன் கொட்டல?

"யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா உங்கம்மா என்ன அனுப்பிடுவாங்க. சிவராஜ் மூஞ்சில எப்படி முழிப்பேன். ப்ராமிஸ் பண்ணு."

பண்ணினேன். ஓடுகளைக் குப்பைமேட்டில் புதைத்தேன்.

அம்மா வந்தபோது அண்ணியால் எழுந்து நிற்க முடியவில்லை. அண்ணன் வந்ததும் ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டாங்க?"

அம்மா சொன்னாள், "தயிர் சாதம்தான் டாக்டர். எங்க வீட்ல வேற இன்னா இருக்குது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கண் மட்டும்தான் அசைந்தது.

நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப ஒரே வரி. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது அண்ணன் போன் பண்ணினான், அப்பாவிடம். பிரஷர் ஏறியிருக்கலாம், வலிப்பு வருவதற்கு முன்னால் ஊசி போடப் போகிறார்களாம். மூச்சு விட சிரமப்படுகிறாளாம்.

பிரஷர் இல்லை. எனக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொன்னால் அண்ணிக்கு இந்த வீடு இல்லை. சொல்லாவிட்டால்?

அப்பாவின் போன் அவர் நெய்கிற தறி மேலே இருக்கிறது. அவர் பின்கட்டில் முகம் கழுவுகிறார்.

ஏப்ரல் 10

சொல்லிட்டேன்.

"அண்ணா, ஏரி சிப்பி சாப்ட்டாங்க. நான்தான் எடுத்துக்கினு வந்தேன். தண்ணி பச்சையா இருந்துச்சு. மீன்லாம் செத்து கெடந்துச்சு. டாக்டர்கிட்ட சொல்லு, ஊசி போடறதுக்குள்ள சொல்லு."

அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம். போன் கட் ஆனது. திரும்பினால் அப்பா துண்டோடு நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 11

அண்ணிக்கு மெஷினில் மூச்சு கொடுக்கிறார்கள். குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது. அண்ணன் அப்பாவிடம் சொன்னதை எழுதுகிறேன். அந்தப் பச்சை சாயமே இல்லை. வெயில் காலத்தில் தேங்கின தண்ணீரில் வளர்கிற பாசியாம். சில பாசிக்கு விஷம் உண்டாம். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்னும்போது அந்த விஷத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அதற்கு ஒன்றும் ஆகாதாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாதாம். மாற்று மருந்தும் கிடையாது, உடம்பு தானாக வெளியே தள்ளும்வரை மூச்சைக் காப்பாற்றினால் போதும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஊசி போட்டிருந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் நின்றிருக்கும் என்றும் சொன்னாராம்.

கடல் சிவந்தால் தொடக் கூடாது என்று அண்ணிக்குத் தெரியும். ஏரி பச்சையானால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தண்ணீர் எந்தக் கலரில் இருந்தாலும் பயம் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் கொல்லப் பார்த்தோம்.

அம்மா காலையிலிருந்து வீட்டைக் கழுவுகிறாள். சாமி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். குண்டானைத் தெருவில் எறிந்தாள். சுவரைப் பார்த்துப் பேசினாள். "அவ நல்லா பொழச்சு வரட்டும். நான் வேண்டிக்கினுதான் இருக்கேன். ஆனா இந்த வாசப்படி மிதிக்க வேணாம்."

அப்பா தறியில் உட்காரவில்லை.

ஏப்ரல் 12

மூச்சு மெஷினின் குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் கேட்டாளாம்.

அழுதேன். வாயில் தலையணையை வைத்துக்கொண்டு.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்யவில்லை.

இன்று அண்ணியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மா அண்ணியின் துணி எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்து, ஜிப் போட்டு, கூடத்தில் கொண்டு வந்து வைத்தாள். மடிப்பெல்லாம் அழகாக இருக்கிறது. கோபத்தில் மடித்த துணி மாதிரி இல்லை. அண்ணியின் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வருகிறாராம், அங்கிருந்து நேராக சதுரங்கப்பட்டினம். பையை அப்பா கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"நீங்க எடுத்துக்கினு போறீங்களா, நான் போவட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு பேரும் போவ வேணாம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். பை அங்கேயே இருக்கிறது. சிவராஜ் அண்ணன் போனை எடுக்கவில்லை.

தெருவில் கார் சத்தம். எங்கள் வீட்டு முன்னாடிதான் நிற்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள்.

"சந்தியா, கதவத் தொற. அவளால நிக்க முடியல." சிவராஜ் அண்ணன் குரல்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தொறக்காதடி என்கிறாள். மறுபடி தட்டுகிறார்கள். தாழ்ப்பாளுக்கு நான்தான் பக்கத்தில் இருக்கிறேன். திறக்கப் போகிறேன்.