படத்தில் தப்பில்லை

சேசு மரி சூசை துணை

எடமலைப்பட்டி புதூர்,
30-8-1964, ஞாயிறு

அன்பு மகன் சவரிராஜுக்கு அப்பா இருதயநாதன் ஆசியோட எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் ஆண்டவர் புண்ணியத்துல சுகமா இருக்கோம், பம்பாய் மழையில உனக்குச் சளி இருமல் வரக்கூடாதுன்னு அம்மா தினமும் ஜெபமாலையில உனக்குன்னு ஒரு பத்து மணி கூடச் சொல்றா. என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரை ஓரமா வெச்சிடாதே, முழுக்கப் படி. நாலு மாசமா நீ எனக்கு ஒரு வரி எழுதல. அம்மாவுக்கு வர்ற கடுதாசியில வீட்டில் அனைவரும் நலமான்னு கேக்குறே, அந்த அனைவர்ல நான் சேத்தியா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்க்கிறேன், தெரியல.

விஷயத்துக்கு வரேன். டிசம்பர் போட்டிக்கு நான் செஞ்சு கொடுக்கணும்னு நீ ஞாயித்துக்கிழமை எல்லாம் உக்காந்து பிரதி எடுத்து அனுப்பின பந்தயப் படகுப் படத்துல தப்பே இல்ல. தப்பு என் மேல. படத்துல நடுவுல ஒரு கோடு, வலது பக்கம் ஒரு மாதிரி வளைவு, இடது பக்கம் வேற மாதிரி வளைவு இருந்துச்சா, நான் அது மொத்தமும் படகுக்கு விலா எலும்பு மாதிரி குறுக்கே நிக்கிற ஒரே சட்டம்னு நெனச்சு, இந்தப் பக்கம் இப்படி அந்தப் பக்கம் அப்படின்னு அஞ்சு சட்டம் அறுத்துட்டேன். கொல்லையில வரிசையா நிறுத்திப் பார்த்தா, பொன்னுக்கு வீங்கி வந்த புள்ள கன்னம் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பொடைச்சிக்கிட்டு நிக்குது. முப்பத்திரெண்டு வருஷம் பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ரயில் பெட்டிக்கு மரவேலை பார்த்தவன், எனக்கா படம் பார்க்கத் தெரியாதுன்னு ஆத்திரம் வந்து, அந்தப் பாழாப்போன போஸ்ட்கார்டை எழுதினேன். கோடு போடத் தெரியாதவனுக்குப் பந்தயம் ஒரு கேடான்னு. தபால்பெட்டி வரைக்கும் நடக்கப் பொறுமையில்லாம போஸ்ட்மேன் ஹனீஃபா கையிலயே கொடுத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்துட்டு, கவர்ல போடலாமே ஐயான்னு சொன்னார், நான் கேக்கல. உன் ஆபீஸ்ல எத்தனை பேர் அதைப் படிச்சாங்களோ, நெனச்சா இப்பவும் கூசுது.

அப்புறம் ரெண்டு மாசம் சட்டமெல்லாம் வேலி ஓரமா கிடந்துச்சு, கோழி ஏறி உக்காந்துச்சு. ஆனி மாசம் ஒருநாள் உங்கம்மா ரவிக்கை வெட்டிக்கிட்டிருந்தா. பேப்பர்ல ஒரே கோட்டுக்கு இந்தப் பக்கம் முன் பாதி, அந்தப் பக்கம் பின் பாதி, ரெண்டையும் தனித்தனியா, மடிச்ச துணி மேல வெச்சு வெட்டினா. நான் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தவன், ஏன் பாதி மட்டும் வரையறேன்னு கேட்டேன். துணியைப் பிரிச்சா மறுபாதி தானா வருமே, முழுசும் வரைய எனக்கென்ன கிறுக்கான்னா. எழுந்து ஓடிப்போய் உன் படத்தைப் பிரிச்சேன். அடப்பாவி! வலது பக்கம் இருக்கிறது படகோட முன்புறம், இடது பக்கம் பின்புறம், ரெண்டுமே பாதி பாதி. நான் முன்னாடியையும் பின்னாடியையும் ஒட்டித் தெச்சிருக்கேன். உங்கம்மாகிட்ட சொன்னதும் அவ சிரிச்ச சிரிப்பு அடங்கக் கால் மணி ஆச்சு. அடங்கினதும், இதை அவனுக்கு எழுதுங்கன்னா. படகு மிதக்கட்டும் எழுதுறேன்னு சொல்லி இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிட்டேன், அதுவும் என் வீம்புதான்.

புதுசா சட்டம் அறுத்து, பிளைவுட் வளைச்சு, பித்தளை ஸ்க்ரூ போட்டு முடிச்சேன், காத்துப் பாயை அம்மா தன் மெஷின்லயே தெச்சா. ஒண்ணே ஒண்ணுதான் மனசு ஒப்பல. படகு நடுவுல நீட்டமா ஓட்டை போட்டு, சுத்திப் பெட்டி அடிச்சு, அது வழியா ஒரு பலகையைத் தண்ணிக்குள்ள இறக்கணும்னு போட்டிருந்தியே, நல்ல படகுல எவனாவது வேணும்னே ஓட்டை போடுவானா? முணுமுணுத்துக்கிட்டே போட்டேன். நேத்து வீரமலை, அதான் ஜீயபுரத்துல வாழை போட்டிருக்காரே, அவர் வண்டியில ஏத்தி ஜீயபுரம் காவேரிக்குக் கொண்டு போனோம். உங்கம்மா லாரி டியூபை என் இடுப்புல கட்டாம விடமாட்டேன்னுட்டா. பலகை எதுக்குன்னு அதை வண்டியிலேயே விட்டுட்டுப் பாயை ஏத்தினேன். மேல்காத்து அடிச்ச அடியில படகு நண்டு மாதிரி பக்கவாட்டுலயே போய் நாணலுக்குள்ள சொருகிக்கிச்சு. மூணு தடவை. வீரமலை கரையில உக்காந்துட்டார், நின்னு சிரிக்க முடியல அவரால. சரி, படம் வரைஞ்சவன் ஏற்கெனவே ஒரு தடவை ஜெயிச்சிட்டான், இதுலயும் அவன் பேச்சையே கேப்போம்னு பலகையைக் கொண்டாந்து இறக்கினேன்.

டேய், படகு எதிர்க்காத்துல ஏறுச்சுடா. நேரா இல்ல, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா வளைஞ்சு வளைஞ்சு, ஆனா காத்து வர்ற பக்கமா, தண்ணி வர்ற பக்கமாவே மெள்ள ஏறுச்சு. தள்ளுற காத்தே எப்படிடா எதிர்ல இழுக்கும்? ராத்திரி பூரா காகிதத்துல அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், அந்தப் பலகைதான் சூட்சுமம்னு தெரியுது, ஆனா எப்படின்னு பிடிபடல. நீதான் சொல்லணும். அந்த நேரத்துல யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம நடு ஆத்துல உன் பேரைச் சொல்லிக் கத்திட்டேன். கரையில அம்மாவுக்கே கேட்டிருக்கு.

டிசம்பர் போட்டியிலேர்ந்து பேரை எடுத்துடப் போறேன்னு அம்மாவுக்கு எழுதியிருந்தியாமே. எடுக்காதே. வீட்டுல செஞ்ச படகுக்குன்னு வெச்ச போட்டிதானே, வீட்டுல செஞ்சாச்சு. கூட்ஸ் ரயில்ல அனுப்ப மரக்கூடு அடிச்சுக்கிட்டிருக்கேன். அந்தப் படகுல ரெண்டு பேர் உக்காரணும்னு படத்துலயே போட்டிருக்கு. இன்னொருத்தர் யாருன்னு நீ முடிவு பண்ணிக்க, ஆள் கிடைக்கலேன்னா ரிட்டையரான எனக்கு ரயில் பாஸ் இருக்கு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் துணியோட திரியாதே. மாதாவும் சூசையப்பரும் உன்னைக் கைவிடாம காக்கணும். பதிலைக் கவர்ல போடாதே, போஸ்ட்கார்டுலயே எழுது. திட்டணும்னாலும் நல்லாத் திட்டு. நான் எழுதினதை ஹனீஃபா படிச்சார், நீ எழுதுறதையும் அவர் படிச்சிட்டே கொண்டாந்து கொடுக்கட்டும்.

உன் அப்பா,
ம. இருதயநாதன்