மாற்றியது யார்?

ஜூன் 3, செவ்வாய்
மயிலாப்பூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்று ஒரே களேபரம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்குச் சீட்டில் ஓ நெகட்டிவ். கணினியில் ஓ பாசிட்டிவ். பழைய சீட்டு அவர் பையில் இருந்ததால் டாக்டர் கண்டுபிடித்தார். இல்லாவிட்டால் நெகட்டிவ் தாய்க்குப் போடவேண்டிய ஊசியைப் போடாமலே விட்டிருப்பார்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் —

பதிவு மேசையில் இருப்பது அன்புச்செல்வி. "நான் மாத்தலக்கா. சீட்டுல இன்னா இருந்துச்சோ அதான் போட்டேன்." உரிமையாளர் ராஜரத்தினம் சார் நம்பவில்லை. "டைப் பண்றது அந்தப் பொண்ணுதானே? அடுத்த வாரம் வரைக்கும் பாருங்க. அப்புறம் அனுப்பிடலாம்."

ஜூன் 4, புதன்
ஆறு வருஷமாக இந்த டேட்டாபேஸைப் பார்ப்பவள் நான். ஆனாலும் யார் மாற்றியது என்று சொல்ல முடியவில்லை. இப்போது என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். முன்பு இருந்ததற்குத் தடயமே இல்லை.

இன்று ட்ரிக்கர் எழுதினேன். இனி யார் எதைத் திருத்தினாலும் பழையது, புதியது, நேரம், லாகின் பெயர் எல்லாம் தானாகத் தனி டேபிளில் பதிவாகும்.

ஜூன் 5
அந்த டேபிளில் ஒன்றும் விழவில்லை.

ஜூன் 6, வெள்ளி
இரண்டு. இரண்டும் அன்புச்செல்வியின் லாகின். 'அப்பாடா, இவள்தான்' என்று ஓடியது மனசு. பார்த்தால் ஒரு வயதுத் திருத்தம், ஒரு எழுத்துப்பிழை. சே. அதென்ன அப்பாடா?

ஜூன் 9, திங்கள்
மதியம் ஒரு மணி. ஒரே நொடியில் பதினொரு பதிவுகள் மாறின. அன்புச்செல்வி அப்போது என் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லாகின் பெயரை இரண்டு முறை படித்தேன். ஆளின் பெயரே இல்லை. மார்ச்சில் நான் எழுதிய புரோகிராம். அடையாறு கிளையின் பதிவுகளைத் திங்கள்தோறும் இங்கே கொண்டுவருவது. போன் நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நம்பர் கொடுத்திருந்தால்? புருஷனின் ரத்தப் பிரிவு பெண்டாட்டிக்கு.

உடனே நிறுத்திவிட்டேன்.

ஜூன் 10
"நான் எழுதினதுதான் சார்."
ராஜரத்தினம் சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "சத்தமில்லாம சரி பண்ணிடுங்களேன்."

முடியாது என்றேன். ட்ரிக்கர் வைப்பதற்கு முன் மாறியதையெல்லாம் சீட்டோடு ஒப்பிட வேண்டும்; பாதிக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அன்புச்செல்வி மேல் தப்பில்லை என்பதை எல்லோர் முன்னாலும் நானே சொன்னேன். அவள் எழுந்து பதிவு மேசைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்
ஒரு வாரமாக நானும் அவளும் சீட்டு பார்க்கிறோம். இதுவரை ஒன்பது தவறுகள். ஒன்பது பேரையும் அவளே கூப்பிட்டாள். அந்தக் கர்ப்பிணிக்கு ஊசி போட்டாயிற்று.

இன்று நடுவில் சட்டென்று கேட்டாள். "நீங்களும் என்னத்தான நெனச்சீங்க?"
"ஒரு நாள்" என்றேன்.
"தெரியும். அன்னிக்கு என் மூஞ்சியவே நீங்க பாக்கல."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் படிக்கிறேன். நீங்க ஸ்கிரீனப் பாருங்கக்கா."