பச்சை முட்டை சேர்க்காத வெள்ளை

அன்பு மகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உன் அத்தையும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பல் செட் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கீழ் செட் பரவாயில்லை. மேல் செட்தான் நான் பேசுவதற்கு முன்னால் அதுவாகப் பேசப் பார்க்கிறது. பஸ் டிப்போ நண்பர்கள் யாராவது வந்தால் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் பேச உட்காருகிறேன். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒன்றரை மாதம் ஆயிற்று. மாடியில் குடியிருந்த டீச்சருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். இப்போது வீட்டில் எங்கள் இரண்டு பேர் சத்தம்தான். அதிலும் முக்கால்வாசி என்னுடையது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். பச்சை முட்டை சேர்க்காமல் ‘வெள்ளை’ செய்ய அத்தைக்கு ஏதாவது வழி தோன்றுகிறதா என்று. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹோட்டல் சமையலறையில் ஆறு வருஷம் சாலட் மட்டுமே செய்தவள் நீ. சாலட் மேல் ஊற்றுகிற அந்தக் கெட்டிக் கலவையை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் நீ. டிரெஸ்ஸிங் என்று நீ சொன்னது என் வாயில் நுழையாமல் நான் வெள்ளை என்று சொல்லப்போய், கடைசியில் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தோம். அப்படிப்பட்டவள் எங்களிடம் வழி கேட்கிறாளே என்று நினைத்தேன். அதற்குமேல் என் புத்திக்கு ஒன்றும் எட்டவில்லை.

நீ என் மகனைக் கல்யாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் என்னைப் பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார். நான் என்ன ஆடா மாடா என்று தட்டைத் தள்ளிவிட்டேன். நீ எழுந்து சமையலறைக்குப் போனாய். ஈரத் துணியை வளையமாகச் சுற்றி மேடைமேல் வைத்து, கிண்ணம் ஆடாதபடி அதில் உட்கார்த்தினாய். இரண்டு மஞ்சள் கரு, அரைத்த கடுகு கொஞ்சம், எலுமிச்சைச் சாறு. அடிக்க ஆரம்பித்துவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை என் கையில் கொடுத்தாய். “கிளட்ச்ச விடுற மாதிரி ஊத்துங்க மாமா” என்றாய். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு அதைவிட விளக்கமாக யாரும் சமையல் சொல்லித்தர முடியாது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழ விழ மஞ்சள் வெளுத்து, இறுகி, கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றது. பிறகு தயிர், உப்போடு நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள். அன்றைக்கு ஒரு முழுக் கோஸ் காலியாயிற்று. அப்பாவை ஏமாற்ற வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாயிற்று என்று என் மகன் சொன்னான். அத்தை நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் எழுந்துபோன பிறகு கிண்ணத்தின் ஓரத்தை அவள் விரலால் வழித்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஞாயிறு என்றால் வெள்ளை என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை அவன் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகும்போது ஒரு சின்னப் பாட்டிலில் கொடுத்தனுப்புவாய். அவனுக்கு மிஞ்சாது, கூட இருப்பவர்கள் விரலை விட்டே தீர்த்துவிடுவார்கள் என்று வந்து புலம்புவான். பெரிய சந்தோஷம் என்று அப்போது தெரியவில்லை. சாதாரண ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான் இருந்தது.

அவன் போய் நான்கு வருஷம் ஆகிறது. பத்தே நாள் காய்ச்சல். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் நீ இந்த வீட்டில்தான் இருந்தாய். உன்னை இருக்கச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை, போகச் சொல்லவும் வரவில்லை. நீ கிண்ணத்தில் அடிக்கும் சத்தம் கேட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை அத்தை எழுந்து சாப்பிட வருவாள். மருந்துக்கடைக்காரர் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட விஷயத்தை நீ முதலில் என்னிடம்தான் சொன்னாய், பஸ் ஸ்டாப்பில் வைத்து. நான் சம்மதம் என்றேன். அன்று சொன்னதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அத்தைதான் இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தாள். நீ கிளம்பிய அன்று டாக்சி வாசலில் நிற்கிறது. அவள் பின்பக்கம் துவைத்த துணியையே மறுபடியும் துவைத்துக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் அத்தை என்று நீ கதவருகில் நின்று சொன்னாய். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போன பாட்டிலை அவள் யாரையும் தொடவிடவில்லை. நான்கு நாளுக்குமேல் தாங்காத சாமான், மூன்று வாரம் அங்கேயே இருந்தது. ஒருநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் அதைக் கொட்டி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வந்து பார்த்தாள். என்னோடு பேச அடுத்த நாள் சாயங்காலம் ஆயிற்று.

உன் கடிதங்களை அவள் கையால் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான்தான் சத்தமாகப் படிப்பேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடிப்பாள். நான் படித்து முடிக்கும்போது பார்த்தால் ஒரே ஒரு சட்டைதான் மடிந்திருக்கும்.

இந்தத் தடவை அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். பச்சை முட்டை ஏன் வேண்டாமாம் என்று கேட்டாள். அந்த ஊரில் நல்ல முட்டை கிடைக்காதோ என்னவோ என்றேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்ணுமே புரியாதா? அவ மாசமா இருக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாசமாக இருப்பவர்களுக்குப் பச்சை முட்டை ஆகாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷப்படுவதா, அவள் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதா என்று தெரியவில்லை. மடித்த சட்டையை அலமாரியில் வைத்தாள். மகனுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். முகம் கழுவிக்கொண்டு வந்து, வீட்டில் தயிர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சமையலறையில் வேறு வேலை கிடையாது. முதல் நாள் வெறும் தயிரில் எண்ணெய் ஊற்றி அடித்தாள். அது மோர் மாதிரி ஓடியது. வியாழக்கிழமை வேகவைத்த மஞ்சள் கருவைப் போட்டாள்; மணல் மணலாக நின்றது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் சேர்ந்து வந்தது, நான் அவசரப்பட்டு எண்ணெயைக் கூட ஊற்றிவிட்டேன், தனித்தனியாகத் திரிந்துபோயிற்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவ கிளம்பினப்போ நான் வெளிய வந்திருக்கணும்” என்றாள்.

நான் இன்னொரு முட்டையை வேகப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்துவிட்டது. அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நீ அப்படியே செய். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடு, தண்ணீர் முழுக்க வடிய வேண்டும். முட்டையைப் பன்னிரண்டு நிமிஷம் வேகவிடு. நடுவில் கொழகொழவென்று இருந்தால் எடுக்காதே. இரண்டு மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து எடு, அங்கேதான் நாங்கள் முதலில் கோட்டை விட்டோம். அதோடு கடுகு, ஒரு கரண்டி காய்ச்சி ஆறிய பால் விட்டுக் குழைத்த பிறகுதான் எண்ணெய். தயிர் கடைசியில். பூண்டு வாசனை இப்போது உனக்குக் குமட்டினால் விட்டுவிடு, கொத்தமல்லி போதும். காயை நன்றாகக் கழுவு. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடு.

நீ செய்வது மாதிரி இல்லை என்றுதான் அத்தை சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு தட்டு வெள்ளரிக்காயைத் தீர்த்தோம். அப்போதுதான் கேட்டேன், இந்தக் குழந்தைக்கு நாம் என்ன முறை ஆவோம் என்று. முறை கண்டுபிடிக்கத் தெரியாமல்தான் கேட்டேன். பிறக்கட்டும், அது எப்படிக் கூப்பிடுகிறதோ அதுதான் முறை என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

நீ எங்களிடம் நேராகச் சொல்லாததில் எனக்குக் கோபமில்லை அம்மா. சொல்லத் தயங்கும்படி நாங்கள்தான் இருந்தோம். உன் வீட்டுக்காரரிடம் என் அன்பைச் சொல். அவர் கடையிலேயே நின்றுகொண்டிருக்காமல் நேரத்தோடு வீட்டுக்கு வரட்டும். நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நீயும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

பேனாவைக் கேட்டு அத்தை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கொடுக்கிறேன்.

உன் மாமா

கண்ணு, கனமா எதையும் தூக்காத. உனக்கு அம்மா இல்லங்கிறது எனக்கு மறந்துபோச்சு, அது என் தப்பு. எந்த மாசம்னு மட்டும் எழுது. நான் வரேன்.

அத்தை