சிவப்பு வட்டம் போட்ட நாள்

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. தைக்க வந்த ஜாக்கெட் மூன்று, ஒன்றுகூட முடியவில்லை.

குழந்தைக்காக டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள் இன்று. வீட்டுக்காரர் தினசரி காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைப்பார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. தாளைக் கிழிக்கிறவர் மாமியார். நாலு வருஷமாக இதே கூத்து. வட்டம் வந்தால் முருங்கைக்கீரை சூப் வைத்துவிட்டு, கரையாம்புத்தூர் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சாயங்காலந்தான் வருவன்!"

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். குளியல். சூப். கதவு. பத்து நிமிஷம். நான் ஃபேன் றெக்கையில் ஒட்டடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இடுப்புக்குத் தலையணை, சுவரில் கால், அரை மணி நேரம். பக்கத்தில் குறட்டை. சுவரில் என் குதிகால் இரண்டும் அழுக்காகப் பதிந்திருக்கிறது. அழுகை வந்தது. எழுந்தால் வீணாகிவிடும் என்று படுத்தபடியே அழுதேன்.

ஐப்பசி 11, புதன்

வெயில். வாங்க வேண்டியது: கறுப்பு நூல், கொக்கி, பருப்பு.

எதிர்வீட்டு வளர்மதி ஜாக்கெட் வாங்க வந்தாள். போனில் ஏதோ வீடியோ பார்த்தாளாம். "பொம்பளைக்கும் சொகம் தெரிஞ்சாத்தான் கரு நிக்குமாம்டி. உனக்கு எப்டி?"

"சீ, போடி!"

அவள் போன பிறகு அடுத்த ஜாக்கெட்டின் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தேன்.

எனக்கு எப்படி? மாமியார் மாதாமாதம் தலைக்கு ஊற்றிக்கொண்டேனா என்று கேட்பார். வீட்டுக்காரர் தேதி கேட்பார். இதை ஒருத்தரும் கேட்டதில்லை. வெட்கம்தான். கொஞ்சம் ஆசையும். அது நிஜமென்றால் அவரும் கேட்டுத்தானே ஆகணும்?

ஐப்பசி 12, வியாழன்

மோர்க்குழம்பு. உப்பு கூடிவிட்டது. அவர் சாப்பிடும்போது, "உங்கள ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"இன்னா, கேஸ் தீந்துபோச்சா?"

"ஒண்ணுமில்ல."

ஐப்பசி 14, சனி

வில்லியனூர். ஸ்கேன். கருமுட்டை வெடித்துவிட்டதாம், நல்லதாம். அவர் எப்போதும்போல வெளியே வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

வளர்மதி சொன்னது நிஜமா என்று தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதுக்கும் கரு தங்கறதுக்கும் சம்பந்தமில்லம்மா. அது இல்லாமலே எத்தனையோ பேருக்கு நிக்குது. உன்மேல தப்புன்னு நெனச்சிக்காத. செவுத்துல கால் வெக்கறதும் வேணாம்."

நிம்மதியாக இருந்திருக்கணும். இல்லை. குழந்தைக்கு அது தேவையே இல்லையாம். அப்புறம் என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

வெளியே வந்ததும் அவர், "இன்னா சொன்னாங்க?"

பொய் சொன்னேன். "எனக்கும் சந்தோஷமா இருந்தாத்தான் நிக்குமாம்."

பாகூர் ஏரிக்கரை வருவதற்குள் இரண்டு தடவை வண்டிக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்து எத்தனை நாளாச்சு. கரை மேல் வண்டியை ஓரம் கட்டினார்.

"அதுக்கு இன்னா மாத்திர எழுதிக் குடுத்தாங்க?"

மருந்துப் பையைத் திறந்து, தேடுகிற மாதிரி தேடினேன்.