பெனிஷா சொல்லி முடிக்கும் வரை

ஐப்பசி மழை கோயிலின் மறைக்கல்வி வகுப்பு அலமாரிக்குள்ளும் ஒழுகிவிட்டது. இன்று காலை அதைத் திறந்ததும் நனைந்த இலவம்பஞ்சின் வாடை முகத்தில் அடித்தது. நீ தைத்த பெரிய செபமாலை. மணிகளைப் பிழிந்து வெயிலில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

தனுவச்சபுரம் கல்லூரிப் பெண்களுக்கு நீ சுடிதார் தைத்தபோது மிஞ்சிய துண்டுத் துணிகள்தான் அவை. எலுமிச்சை அளவு உருண்டைகளாகத் தைத்து, பஞ்சு திணித்து, கயிற்றில் கோத்துக் கொண்டுவந்தாய். என் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு மணியைப் பிடிக்கச் சொன்னாய். "கையில ஒண்ணு இருந்தா மனசும் அங்க நிக்கும் பிள்ளே," என்றாய். பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் செபித்தார்கள். நீ யாரையும் திருத்தவில்லை.

அந்த வட்டத்தில்தான் பெனிஷா இருந்தாள். ஆறு வயது, திக்குவாய். செபமாலை மாதமான அக்டோபரின் கடைசி ஞாயிறு, பெற்றோர் முன்னால் பிள்ளைகள் செபம் சொன்ன அன்று, அவள் முறை வந்தது. "அருள் நிறைந்த ம... ம..." உதடுகள் ஒட்டிக்கொண்டன. பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் பதறிப்போய் மீதியை உரக்கச் சொல்லி முடித்துவிட்டேன். அவள் மணியைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

"அவளக் காப்பாத்தத்தானே சொன்னேன்," என்றேன் உன்னிடம், அந்த இரண்டாவது ஞாயிறு.

"இல்ல. ஒனக்க நாணக்கேட்ட மறச்ச. அவ்வளவுதானாக்கும்," என்றாய்.

அந்த வாரம் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. சனிக்கிழமை நீயே வந்து வாசலில் நின்றாய். "நான் அவளுக்க வீட்டுக்குப் போறேன். வாறியா?"

மழையில் வழுக்கும் ரப்பர்த் தோட்டத்து வழியே ஏறினோம். அவள் அம்மா ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பெனிஷா கதவுக்குப் பின்னால் நின்றாள். நீ அவளை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. தையல் விட்டுப்போன ஒரு மணியை எடுத்து, "பஞ்சு வெளிய வருது மக்கா, கொஞ்சம் உள்ள தள்ளித் தா," என்று நீட்டினாய். அவள் வந்து உன் மடியருகே உட்கார்ந்து சுட்டுவிரலால் பஞ்சைத் திணித்தாள்.

நான் குனிந்து, "நான் அன்னைக்கு நீ சொல்லி முடிக்கதுக்கு முன்ன எடையில கேறிச் சொன்னது தப்பு மக்கா," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "டீ... டீச்சருக்கு அ... அவசரம் உண்டா?"

நீ ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டாய்.

மறுநாள் வந்தாள். அவள் முறை வந்தபோது, அந்த 'ம'வில் நின்றாள். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. என் நாக்கு நுனிவரை வார்த்தை வந்தது; பல்லைக் கடித்துக்கொண்டேன். "...மரியே வாழ்க!" என்று கடந்து அவள் தன் பாதியைச் சொல்லி முடித்ததும், "தூய மரியே" என்று மறுபாதியைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். நீ முந்தானையால் மூக்கைத் துடைத்தாய்.

பெனிஷா இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். இன்றும் திக்குகிறது. அதற்காகப் பேசாமல் இருப்பதில்லை.

உன் கடைசி நாள், நெய்யாற்றின்கரை மருத்துவமனையில் நான் உன் கையைப் பிடித்திருந்தேன். கண்ணைத் திறந்து, "பிள்ளே, அந்த..." என்றாய். நின்றாய். உன் அக்கா, "தண்ணியா? கோயில் அச்சனக் கூப்பிடணுமா?" என்று அடுக்கினாள். நான் எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய்.

நீ சொல்ல வந்தது என்னவென்று உன் அக்கா இன்னும் என்னிடம் கேட்கிறாள். ஏதாவது சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது உன் வார்த்தை. நீ விட்ட இடத்திலேயே அதை வைத்திருக்கிறேன்.