நாரணாபுரம் கேட்டில் நின்ற வண்டி

1960 செப்டம்பர் 12, திங்கள்

சனிக்கிழமை வண்டி உடனே கிளம்பியிருந்தால் செல்லத்தாயின் விரல்கள் தப்பியிருக்குமா? எனக்குத் தெரியாது. தீக்காயம் ஆழம். அரை மணித் தாமதத்தால்தான் போயின என்று மருத்துவம் படித்தவள் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

நடந்தது இது. நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது, டிரைவர் முத்தையாவும் நானும் காரில் போனோம். கையில் தீக்காயம் பட்ட தொழிலாளி செல்லத்தாயைப் பின் சீட்டில் கிடத்தினோம். ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்'. மறுபடி 'டிக்'. கைப்பிடி போட்டுச் சுற்றலாமென்றால் அதன் கொக்கி தேய்ந்து வருடமாகிறது. தள்ளிப் பார்த்தோம், கேட் வாசலில் முழுக்க மணல். கடைசியில் ஒரு லோடு லாரியில் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு. இன்று வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். வயது பத்தொன்பது.

தீபாவளி சீசன். எல்லாக் கம்பெனியிலும் ஆர்டர் நெருக்கடி. அடுத்த ஆள் எந்நேரமும் வரலாம். திருத்தங்கலில் எனக்கு வேறு வண்டி இல்லை. அப்பாவின் இந்தப் பழைய காரைத்தான் சரி செய்தாக வேண்டும்.

13, செவ்வாய்

கடும் வெயில். விருதுநகர் மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார்.

"பேட்டரி செத்துப்போச்சு டாக்டரம்மா. புதுசு போட்ருவோம்."

டிரைவர் முத்தையா விடவில்லை. "ஆனி மாசமும் இதத்தான சொன்னீக. அப்ப போட்டது பேட்டரியா, பலகாரப் பெட்டியா?"

மெக்கானிக் காப்பி குடிக்காமலே போனார்.

நானே பார்த்தேன். ஹெட்லைட் நன்றாக எரிகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது கொஞ்சம் மங்குகிறது, அணையவில்லை. செத்த பேட்டரி இப்படி இருக்காது. மின்சாரம் இருக்கிறது. எஞ்சினுக்குப் போய்த் திரும்பிவரும் வழியில் எங்கோ அடைப்பு. எர்த், அதாவது திரும்பும் இணைப்பு, கோளாறு என்று சந்தேகம். சந்தேகம் மட்டுமே.

14, புதன்

காலை க்ளினிக். பிறகு:
பேட்டரி முனைகள், வெந்நீரும் சோடா உப்பும்.
பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸுக்கு வரும் எர்த் கம்பி, கழற்றித் தேய்த்தது.
பயன்: இல்லை.

நர்ஸ் கிரேஸ் வண்டிக்காக ஜெபம் பண்ணினாளாம். உப்புத்தாள் இன்னும் இரண்டு வாங்கி வரச் சொன்னேன்.

சாயங்காலம் தூறல். விடாமல் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டிருந்தபோது இடது கை தற்செயலாக, டாஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்குப் போகும் சோக் கம்பியில் பட்டது. சுட்டுவிட்டது. விரல் நுனியில் கொப்புளம்.

அந்தக் கம்பிக்கு மின்சாரத்தோடு எந்த வேலையும் இல்லை. ஏன் சுட வேண்டும்? சரியான வழி கிடைக்காத மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியாக எஞ்சினிலிருந்து திரும்புகிறதா? அப்படியானால், இதே சூட்டோடு இந்த வண்டி எத்தனை தடவை பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றிருக்கிறது?



15, வியாழன்

சோதனை. தடித்த கம்பி ஒன்றின் ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், மறுமுனை எஞ்சினில். அழுத்தினேன். முதல் தடவையிலேயே கிளம்பியது. முத்தையா கை தட்டினார்.

எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை வண்டியின் உடம்போடு இணைப்பது ஒரு பின்னல் செம்புப் பட்டை மட்டுமே. நாற்பத்தெட்டு வயதில் வண்டிக்கு அடியில் படுத்தேன். போல்ட்டைக் கழற்றினேன். பட்டைக்கு அடியில் நாலாக மடித்த காகிதம், எண்ணெயில் ஊறியது. கிளிப் படம் போட்ட பட்டாசு லேபிள்.

"இத யார் வச்சது?"

"நாந்தான் டாக்டரம்மா. ஆவணி பொறந்ததும் ஒருநா அங்கன பொறி பறந்துச்சு. பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமுல இரும்பு மேல இரும்பு படப்படாது, நடுவுல காயிதமோ துணியோ குடுப்போம். பன்னெண்டு வருசம் அங்கன வேல பாத்த கை."

பட்டை தளர்ந்ததால் வந்த பொறி. இறுக்கியிருந்தால் போதும். தீக்குப் பயந்து வைத்த காகிதம்தான் மின்சாரத்தின் வழியை மறித்துச் சோக் கம்பியைச் சூடாக்கியது. இதைச் சொன்னேன்.

முத்தையா அந்த லேபிளைக் கையில் எடுத்தார். "அப்ப அந்தப் புள்ளைக்கு வெரலு போனது என்னாலயா?"

"தெரியாது," என்றேன். உண்மை அதுதான். இல்லை என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். ஆவணியிலிருந்து தினமும் அந்த வண்டியில் போனவள், ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்க்காதவள் நான். அதையும் சொன்னேன்.

துரு, பெயின்ட், எல்லாம் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தோம். பட்டையை இறுக்கியது அவர். இருபது தடவை கிளப்பி அணைத்தோம். சோக் கம்பி குளிர்ச்சி.

16, வெள்ளி

10.10க்கு நாரணாபுரத்திலிருந்து ஆள். ஒரு பெண்ணுக்குப் பாதத்தில் தீக்காயம். கேட் வாசலில் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. 11.30 மணிக்கு முன்பே ஆஸ்பத்திரி. கால் பிழைக்கும் என்கிறார்கள். 

திரும்பும் நேரம் முத்தையாவைக் காணோம். பெண்கள் வார்டுக்குப் போயிருக்கிறார் என்றாள் ஆயா. வண்டியில் காத்திருந்தேன். அரை மணிக்கு மேல் ஆயிற்று.

வந்து உட்கார்ந்தார். "காயிதம் வச்சது நாந்தான்னு செல்லத்தாயிகிட்ட சொல்லிட்டேன்."

அவள் என்ன சொன்னாள் என்று அவர் சொல்லவில்லை.  ஸ்டார்ட்டரை அழுத்தினார். கிளம்பியது.