உள்வேலி ஓரத்துப் புல்

ஜூன் 2, ஞாயிறு

வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்பாள் வீட்டுக்காரி. தடத்தில் தனியாக நடக்கும்போதுகூட நான் பேசிக்கொண்டுதான் நடப்பேன். இந்த நோட்டில் பேசினால் அவள் காதாவது தப்பிக்கும்.

இன்று பந்தயம் நடக்கவில்லை. நிறுத்தியவன் நான். பந்தய நாள் காலையில் இரும்புக் குச்சியோடு தடத்தைச் சுற்றி நடந்து, மண்ணைக் குத்திப் பார்த்து, குதிரை ஓடலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் வேலை. கடைசி வளைவில் குச்சி கூழில் இறங்குவது போல இறங்கியது. கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுக்கிறேன், மண்டையைப் பிளக்கிற வெயில்! மத்தியானத்துக்குள் தடம் காய்ந்து தட்டினால் சத்தம் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. வந்த கூட்டம் சும்மா போகுமா?

"பெரியவரே, உங்க குச்சிக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க. பார்வை மங்கிருச்சு போல" என்றார் ஒரு குதிரை முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

தங்கச்சி மகன் ஜாக்கி. இன்று அவன் ஏற வேண்டியது கோவக்காரி. யார் சேணம் வைக்கப் போனாலும் திரும்பிக் கடிக்க வருவாள், அதனால் குதிரைக்கு அந்தப் பெயர். என்னைக் கடிக்க மாட்டாள், சட்டைப் பையைத்தான் மோந்து பார்ப்பாள். ஒருநாள் பஸ் டிக்கெட்டைத் தின்றுவிட்டாள். குதிரை தின்றுவிட்டது என்றால் டிக்கெட் பரிசோதகர் நம்புவாரா? பாதி வழியில் இறக்கிவிட்டார்.

பேச்சில் எங்கேயோ போய்விட்டேன். "விடுங்க மாமா, அடுத்த ஞாயிறு ஓட்டினாப் போச்சு" என்றான் பையன். வாய் அப்படிச் சொன்னது. முகம் சொல்லவில்லை. நல்ல குதிரை அவனுக்குக் கிடைத்து எவ்வளவு காலம் ஆகிறது!

ஜூன் 5, புதன்

தடத்தின் உள்வேலியை இன்று பழைய இடத்துக்கே, உள்ளே தள்ளி நட்டோம். வேலி ஒரே இடத்தில் நின்றால் ஓரத்துப் புல் மிதிபட்டே செத்துப்போகும். அதனால் கொஞ்ச நாள் வேலியை வெளியே தள்ளி வைத்து, புல் தேறியதும் பழைய இடத்துக்கே கொண்டு போவோம். கம்பம் பிடுங்கிய குழியில் மணலைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே புல் பத்தையை வைத்து மூட வேண்டும். கடைசி வளைவுக்கு வரும்போது இடுப்பு விட்டுப்போய்விட்டது. மேலே மேகம் வேறு. அங்கிருந்த குழிகளைக் காலால் மிதித்தே மூடினேன்.

பையன் வந்தான். "வளைவுல உள்ளே ஒட்டி வாடா மாப்ளே. யாரும் மிதிக்காத புல்லு, பறப்பா உன் கோவக்காரி" என்றேன்.

"தடத்துக்காரரே மாமாவா இருக்கும்போது எனக்கென்ன குறை?"

ஜூன் 8, சனி

சாயங்காலம் நல்ல மழை. ரேஸ் கிளப் மேனேஜர் போன்மேல் போன். "போன வாரம் மாதிரி ஆக்கிராதீங்க பெரியவரே."

ஜூன் 9, ஞாயிறு

எழுதணுமா? எழுதித்தான் ஆகணும்.

காலையில் குச்சி எல்லா இடத்திலும் நன்றாகவே நின்றது. கடைசி வளைவில் ஒரு இடத்தில் குதிகால் மெத்தையில் வைத்தது போல அமுங்கியது. மூடிய குழி. நின்றேன். அங்கே குச்சியைக் குத்தவில்லை. ஏன் குத்தல? குத்தினா தெரிஞ்சிரும். தெரிஞ்சா சொல்லணும். சொன்னா அந்தக் கண்ணாடிக்காரர் இன்னும் ஒரு வாரம் சிரிப்பார். அதான். வேற காரணமே இல்ல.

"ஓடலாம்" என்றேன். மேனேஜர் தோளில் தட்டினார்.

மூன்றாவது பந்தயம். கடைசி வளைவில் எல்லோரும் வெளியே தள்ளி வர, பையன் மட்டும் உள்ளே வெட்டினான். நான் சொன்ன புல்லுக்கு. அந்தப் புல்லுக்கு வரணும்னா குழி வரிசையைத் தாண்டித்தானே வரணும்! அதை நான் யோசிச்சேனா? கோவக்காரியோட முன்கால் —

திரை கட்டினாங்க. குதிரை டாக்டர் பெட்டியோட உள்ளே போனார். கால் ஒடிஞ்ச குதிரைக்குக் கடைசி ஊசிதான். திரும்பி வரும்போது யார் முகத்தையும் பார்க்கல.

ஜூன் 10, திங்கள்

பையனுக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "என் தப்புதான் மாமா. அவசரப்பட்டு வெட்டிட்டேன். நானே கொன்னுட்டேன் அவளை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அதிகாரிகளும் அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த வாரம் விசாரணை. லைசென்ஸ் போய்விடும் என்று பேச்சு.

தண்ணீர் வேணுமா என்று கேட்டேன். அதுதான் நான் கேட்டது.

ஜூன் 11, செவ்வாய்

தனியாக வளைவுக்குப் போனேன். புல் பத்தை பெயர்ந்து கிடந்தது. கீழே மணல் ஒரு சாண் இறங்கியிருந்தது. மழை இறக்கிய மணல். மழை என்ன செய்யும்? நான் இடிக்காத மணல்.

பந்தயம் முடிந்தால் பெயர்ந்த பத்தைகளை எடுத்து வைத்து மிதிப்பது எங்கள் வழக்கம். கை அதுபாட்டுக்கு மணலைத் தள்ளியது, பத்தையை வைத்தது, கால் மிதித்தது. பிறகுதான் உறைத்தது. அடப்பாவி, என்னடா செஞ்சே? கைதான் செஞ்சதா? நிசமா கைதானா?

ஜூன் 14, வெள்ளி

தங்கச்சி வந்தாள். பையன் தொப்பியையும் பூட்ஸையும் யாருக்கோ கொடுத்துவிட்டானாம். இனிக் குதிரையே ஏறமாட்டேன் என்கிறானாம்.

"நீங்க சொன்னாத்தான் கேப்பான் அண்ணே. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் நான். அவளிடமும் தண்ணீர் வேணுமா என்றுதான் கேட்டேன். அவள் போனபிறகு வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இதை என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகளும் மேனேஜரும், இந்தப் பக்கம் தோளில் கட்டோடு பையன். குழி, மணல், குதிகால் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை!

"தங்கச்சி மகனைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க. அங்கே குழி எதையும் நாங்க பார்க்கலையே" என்றார் மேனேஜர்.

"நான்தாங்க மூடினேன்" என்றேன். ஒருவர் சிரித்தேவிட்டார்.

"என்னோட வாங்க" என்று எழுந்தேன். வளைவில் நான் மிதித்து மூடியது அந்த ஒரு குழியை மட்டுமா? அடுத்த குழியில் குச்சியை வைத்தேன், பிடிவரை இறங்கியது. அதற்கடுத்ததிலும் அப்படியே. குச்சியை மேனேஜர் கையில் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

பையன் பக்கம் திரும்பினேன்.

"இத்தனை நாளா மாமா?" என்றான். "நான் சாப்பிடல, தூங்கல. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இப்போது குச்சி வேறு ஒருவரிடம். எனக்குத் திமிசுக்கட்டை. வேலையை விட்டு அனுப்பாததே பெரிது.

பையன் மேல் தப்பில்லை என்று லைசென்ஸை விட்டுவைத்தார்கள். இன்று அவன் திரும்பக் குதிரை ஏறுகிற முதல் நாள். காலையில் தடத்தில் ஆள் நடந்து வருவது தெரிந்தது, அவன்தான். முன்பெல்லாம் ஜாக்கிகள் யாரும் தடத்தை நடந்து பார்த்ததில்லை. அவன் வேலி ஓரமாகவே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான். என் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"நேத்தே இடிச்சுட்டேன்டா மாப்ளே. கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

தலையை ஆட்டினான். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழி மூடிய இடத்தில் ஏறி நின்று இரண்டு காலாலும் குதித்துப் பார்த்தான்.

"அப்படித்தான். யார் சொன்னாலும் நீ குதிச்சுப் பாரு" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்குப் போனான்.